சைக்கிளில் பாடிய ஜமேக்காக்காரர்

பிள்ளைகளே, ஜெர்மனியின் வுப்பர்டால் நகரத்துப் பழஞ்சாமான் சந்தையில் நிற்கிறேன். ஜமேக்காவில் பிறந்து இளவயதிலேயே இறந்துபோன ஒரு ரெகே பாடகரின் நினைவுநாள் இன்று. இங்கே கசெட் விற்கும் நம்மூர் ஜெராட் அவருடைய பாட்டைப் போடப் பார்க்கிறார், கசெட் பெட்டியின் பற்றறி செத்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை என்பதால், புதிது வாங்க நகரத்துக் கடைகளும் பூட்டு.

"ஒவ்வொரு வருஷமும் போடுறனான் அண்ணை. அகதி முகாமில பாஷை விளங்காமலே எனக்குத் தெம்பு தந்த குரல். இந்தமுறை ஏலாது போல."

போர்க்கால யாழ்ப்பாணத்தில் மின்சாரமில்லாமல் சைக்கிளைச் சுற்றி ரேடியோ கேட்டவர்களல்லவா நாங்கள்! சந்தையில் பக்கத்தில் விற்பவரிடம் பழைய சைக்கிளொன்றைக் கேட்டு வாங்கிக் கவிழ்த்து, டைனமோவில் வயரைக் கொளுவி, மிதிகட்டையைச் சுற்றுகிறேன். பாட்டு வருகிறது, ஆனால் தலைதெறிக்க ஓடுகிறது.

"மெல்லச் சுத்துங்கோ அண்ணை! ஜமேக்காக்காரன் அவசரப்படமாட்டான்!" ஜெராட் சிரித்தபடி ஆடுகிறார்.

பிறகு வீடு திரும்ப ரயில் நிலையத்துக்கு வருகிறேன். நடைமேடையில் ஒருவருமில்லை. மனதில் இன்னும் ஓடும் அந்தத் தாளத்துக்கு நானும் மெல்ல ஆடிப் பார்க்கிறேன்.