அப்பா வழுக்கி விழவில்லை

அப்பா எங்களை விட்டுப் பிரிந்து ஒரு வருடம் ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் சொந்தபந்தங்களுக்கும், அப்பாவோடு வேலை பார்த்தவர்களுக்கும் மூத்த மகன் எழுதுவது. "நல்லதா நாலு வரி எழுதிப்போடுங்கண்ணா, போதும்" என்றான் தம்பி. எழுதிப் பார்த்தேன். சாந்தமானவர், பொறுமையின் உருவம் என்றெல்லாம் வந்தது. அப்பா படித்திருந்தால் அவரே சிரித்திருப்பார். கிழித்துப் போட்டுவிட்டேன்.

அப்பா பிறந்தது அன்னூர்ப் பக்கம், மழையை நம்பி விதைக்கும் காட்டில். மீசை முளைக்கும் முன்பே பெரியநாயக்கன்பாளையம் வந்து, மோட்டாருக்குத் தகடு வெட்டும் பிரஸ் ஷாப்பில் சேர்ந்தார். ஓய்வு பெறும்வரை அதே வேலை. இடது கையில் இரண்டு விரலை அங்கேயே விட்டுவிட்டு வந்தார். எங்கள் இருவரையும் படிக்க வைத்தார், வீடு கட்டினார், ஒருத்தர் வாசலிலும் போய் நின்றதில்லை. அதெல்லாம் உண்மை. கை நீட்டுவார் என்பதும் உண்மை. கதவுக்குப் பின்னால் மோட்டாரின் பழைய பெல்ட் ஒன்று தொங்கும். பத்தாவதில் நான் கணக்கில் கோட்டை விட்ட அன்று அதை எடுத்தார். முதுகுத் தோல் பிய்ந்து சட்டையோடு ஒட்டிக்கொண்டது. அம்மா தேங்காய் எண்ணெய் வைத்து உரித்தெடுத்தார். அடிக்கிற கைதான் அணைக்கும் என்று பெரியவர்கள் சொல்வீர்கள். எங்கள் வீட்டில் அந்தக் கை அடித்துவிட்டுச் சோறு தின்னப் போய்விடும்.

எழுபது தாண்டியதும் அப்பாவுக்கு மறதி நோய் வந்தது. வீட்டுக்கு வரும் வழியை மறந்தார், எங்கள் முகங்களை மறந்தார். கோபம் மட்டும் அப்படியே இருந்தது. குளிக்க வைப்பதற்குள் வீடு ரணகளமாகிவிடும்.

பார்த்துக்கொள்ள ஏஜென்சியிலிருந்து ஓர் ஆள் வந்தார். மூன்றாம் நாள் குளியலறையில் பின்னாலிருந்து கையைப் பிடித்தவரை, பித்தளைச் சொம்பால் வாயில் ஓங்கி அடித்தார் அப்பா. முன்பல் ஒன்று தரையில் கிடந்தது. வாயைப் பொத்திக்கொண்டு, "நான் போறனுங்க, எனக்கும் குழந்தைக இருக்குதுங்க" என்று அந்த மனிதர் கிளம்பிவிட்டார்.

இரண்டாவது ஆள் வந்த பிறகு சத்தமே இல்லை. அப்பாடா என்றிருந்தது எனக்கு. ஒரு நாள் வேலையிலிருந்து சீக்கிரம் வந்து பார்த்தால், அப்பாவின் இரண்டு மணிக்கட்டுகளும் ஈரத் துண்டால் கட்டில் கம்பியில் கட்டப்பட்டிருந்தன. தோல் உரிந்து ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. "கட்டலீன்னா குத்திப்போடறாருங்க சார்" என்றான். அவனை அன்றே அனுப்பினேன் என்று எழுத ஆசைதான். அனுப்பவில்லை. இன்னும் இரண்டு நாள் வைத்திருந்தேன், அந்த அமைதி எனக்கு வேண்டியிருந்தது. அம்மா சாப்பிடாமல் உட்கார்ந்த பிறகுதான் போகச் சொன்னேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நானே குளிக்க வைக்கப் போனேன். பின்னாலிருந்து மணிக்கட்டைப் பிடித்தேன். அப்பா திரும்பிய வேகத்தில் முழங்கை என் மூக்கில் இடித்தது. ரத்தம் வாய்க்குள் இறங்கியது. "இன்னும் திமிர் அடங்கலையாடா உனக்கு" என்று, பெற்றவரை டா போட்டுக் கத்தினேன். அறைந்தேன். ஒன்றோடு நிறுத்தவில்லை. பெல்ட்டடி அத்தனையும் என் கைக்குள் வந்து நின்றது. மூன்றாவது அறையில் அப்பா போய்க் குழாயில் மோதினார். நெற்றியில் ஏழு தையல்.

ஆப்பிளும் பிஸ்கட்டும் வாங்கிக்கொண்டு நீங்களெல்லாம் பார்க்க வந்தீர்கள். பாத்ரூமில் வழுக்கி விழுந்துவிட்டார் என்று சொன்னேன். "டைல்ஸ மாத்திப்போடுங்க" என்று அக்கறையாகச் சொன்னீர்கள். மாற்றியும் போட்டேன். அப்பா வழுக்கி விழவில்லை. நான்தான் அடித்தேன்.

தையல் பிரிக்கப் போன ஆஸ்பத்திரியில் நர்ஸ் ஸ்டெல்லா சிஸ்டர் மட்டும் அதை நம்பவில்லை. அப்பாவின் மணிக்கட்டையும் வீங்கிய என் மூக்கையும் மாறி மாறிப் பார்த்தார். துடியலூரில் வயதானவர்களுக்கான பகல் பராமரிப்பு மையம் ஒன்றிலும் அவர் வேலை பார்க்கிறார். மறுநாள் வீட்டுக்கே வந்தார். போலீசுக்குச் சொல்லப்போகிறார் என்று பயந்தேன். "ஏனுங்கண்ணா, அப்பா என்ன வேலை பாத்தாருங்க?" என்று கேட்டார்.

சர்க்கரை, பிரஷர், தூக்கம் எல்லாவற்றையும் எல்லோரும் கேட்டிருக்கிறார்கள். இதை ஒருவரும் கேட்டதில்லை. பிரஸ் ஷாப் என்றேன். அதற்குள் அம்மா எழுந்து வந்துவிட்டார்.

"கண்ணு, அங்க ரெண்டு பேரு சோடியா நிப்பாங்க. ஒருத்தரு தகட்ட உள்ள வெப்பாரு. கை உள்ள இருக்கறப்ப மிஷின் எறங்குச்சுன்னா, பின்னால நிக்கறவரு மணிக்கட்டப் புடிச்சு வெடுக்குன்னு இழுக்கோணும். இவருக்கு வெரலு போனன்னிக்கும் அப்புடித்தான் இழுத்தாங்க. அப்பறம் நான் கையத் தொட்டாலே துள்ளி எந்திரிச்சு அடிப்பாரு. அத்தன வருசமா நான் அந்தக் கையப் புடிச்சதே இல்ல கண்ணு."

மணிக்கட்டைப் பிடித்தால் அப்பாவுக்கு மிஷின் இறங்குகிறது. வேலைக்கு வந்த இருவர், நான் என்று மூன்று பேரும் பின்னால் போய் அதையே பிடித்தோம், ஒருவன் கட்டியே போட்டான். பக்கத்து அறையில் இருந்த அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்க எங்களுக்குத் தோன்றவில்லை.

முன்னால் வந்து நில்லுங்கள், செய்யப்போவதைச் சொல்லுங்கள், உங்கள் கையை நீட்டுங்கள், அவராகப் பிடிக்கட்டும் என்றார் சிஸ்டர். ஒரே நாளில் எல்லாம் சரியாகிவிடவில்லை. சிஸ்டருக்கே கன்னத்தில் ஒரு குத்து விழுந்தது. ஒரு மாதம் போன பிறகு அப்பா அவராகவே கையை நீட்ட ஆரம்பித்தார். வாரத்தில் மூன்று நாள் மையத்துக்குப் போய்வந்தார். மற்ற நாட்களில் நான் குளிக்க வைத்தேன், கடைசிவரை. இப்போது அந்த மையத்தில் யாரைச் சேர்த்தாலும் என்ன வேலை பார்த்தார், எதற்குப் பயப்படுவார் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். உங்கள் வீட்டுக்கு ஆள் வைத்தால் அவரிடம் இதை முதலில் சொல்லுங்கள். ஆளுக்கும் அடி மிச்சம், பெரியவருக்கும் அடி மிச்சம்.

ஸ்டெல்லா சிஸ்டருக்கு எங்கள் குடும்பம் கைகூப்புகிறது. பல் போன அந்த மனிதரைத் தேடிப் போய் மன்னிப்புக் கேட்டேன். காபி கொடுத்து அனுப்பினார். அம்மாவுக்கு நன்றி சொன்னால் "போடா, வேலையப் பாரு" என்பார். கடைசி நாட்களில் கூடவே நின்ற அத்தனை பேருக்கும் நன்றி.

அப்பாவிடம் மட்டும் மன்னிப்புக் கேட்க முடியவில்லை. இறப்பதற்கு ஒரு வாரம் முன்பு, காலையில் துணி மாற்ற அவர் முன்னால் போய் நின்றேன். என்னை யாரோ வேலைக்கு வந்த ஆள் என்று நினைத்துக்கொண்டார். படுக்கை நனைந்திருந்தது. அப்பா கதவுப் பக்கம் பார்த்துவிட்டு, என் கையைப் பிடித்துக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"தம்பி, துணி நனஞ்சுபோச்சுங்க. என்ற பையங்கிட்டச் சொல்லிப்போடாதீங்க. அவன் அடிப்பானுங்க."

"சொல்ல மாட்டனுங்க" என்றேன்.