மயங்கிய கேப்டனுக்குத் தண்ணீர்

முதல் தேர்வில் நான் விமானத்தைத் தரையில் மோதினேன். நிஜ விமானம் இல்லை, பயிற்சி சிமுலேட்டர்தான். ஆனாலும் போன மானம் நிஜம்தானே!

எட்டுப் பேர் போகிற சின்ன ஜெட். இடப்பக்கம் தேர்வாளரான மூத்த கேப்டன், வலப்பக்கம் துணை விமானியாக நான். உயரத்தில் பறக்கும்போது உள்ளே காற்றழுத்தம் குறைந்துவிட்டதென்று எச்சரிக்கை மணி அலறியது. கேப்டன் மயங்கியதுபோல் விமானத்தை ஓட்டும் கைப்பிடி மேல் சாய்ந்தார். விதிப்படி நான் முதலில் என் ஆக்சிஜன் முகமூடியை மாட்ட வேண்டும். அவரை இரண்டு முறை கூப்பிட வேண்டும். பதில் இல்லையென்றால் அவர் கையை விலக்கி, விமானத்தை நானே கீழே இறக்க வேண்டும். நான் என்ன செய்தேன்?

"சார்... சார்... தண்ணி குடிக்கிறீங்களா சார்?"

பாட்டிலைத் தேடிக்கொண்டிருக்கும்போதே தரை வந்துவிட்டது. பெரியவர் கையில் இருப்பதைப் பிடுங்க எனக்கு வரவில்லை. ஒரு வாரத்தில் இன்னொரு வாய்ப்பு; அதிலும் தோற்றால் வேலை இல்லை.

எங்கள் ஊர் வடக்கனந்தலுக்கு வந்து, நடந்ததைச் சொல்லி ஓவென்று அழுதேன். அப்பா வெள்ளிமலைக்கு ஜீப் ஓட்டுபவர்.

"இதுக்கா அழுதுகினு கீற பொண்ணே? வா" என்று, வாசலில் நின்ற ஜீப்பில் ஏறி ஸ்டியரிங் மேல் சாய்ந்தார். அம்மா பின்சீட்டில் உட்கார்ந்து தட்டைக் கரண்டியால் அடித்தாள். அதுதான் எச்சரிக்கை மணி. அப்பா கையைத் தள்ள எனக்கு ஒரே கூச்சம்.

"இன்னும் எத்தினி தபா மயங்கறது? கழுத்து வலிக்குது" என்றார் அப்பா.

"நீங்க நாக்க நீட்டாதீங்க, அவளுக்குச் சிரிப்பு வருது" என்றாள் அம்மா.

சத்தம் கேட்டு எதிர்வீட்டுக்காரர் தண்ணீர்ச் சொம்போடு ஓடிவந்தார். அப்பா சாய்ந்தபடியே, "பாத்தியா, ஊரே உன்ன மாதிரிதான் கீது" என்றார். சிரித்துச் சிரித்தே என் கூச்சம் போயிற்று. அடுத்த தடவை அப்பா கையைத் தட்டிவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தேன்.

இரண்டாவது தேர்வு. மணி அலறியது, அதே கேப்டன் சாய்ந்தார். முகமூடி மாட்டினேன். "கேப்டன்!" பதில் இல்லை. "கேப்டன்!" அப்போதும் இல்லை. "கண்ட்ரோல் என்கிட்ட!" என்று கத்தி, அவர் கையில் ஒரு தட்டு தட்டினேன். தோளைப் பிடித்துப் பின்னால் சாய்த்தேன். முகமூடி இல்லாமல் மூச்சுவிடக்கூடிய உயரத்துக்கு வேகமாக இறங்கி, பக்கத்து விமான நிலையத்தில் பத்திரமாகத் தரையிறக்கினேன்.

கேப்டன் கண்ணைத் திறந்தார். மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டே தாளில் 'பாஸ்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"ரொம்ப வலிக்குதும்மா" என்றார்.

மன்னிப்பு வாய் வரைக்கும் வந்தது. கேட்கவில்லை, பல் தெரியச் சிரித்தேன்.