ஒரே இருக்கைக்கு இரண்டு பேர்

மதுரையில் நடக்கவிருந்த இசைக் கச்சேரிக்கு டிக்கெட் விற்றுத் தீர்ந்துவிட்டது. ராஜபாளையத்தில் நான் வேலை பார்க்கும் நூற்பாலை அலுவலகத்தில், சாப்பாட்டு நேரத்தில் போனைத் திறந்தால், ரசிகர் குழு ஒன்றில் ஒருவர் தன்னிடம் இரண்டு டிக்கெட் இருப்பதாக எழுதியிருந்தார். விசாரித்தேன்.

“தங்கச்சிக்கு நிச்சயதார்த்தம்க்கா. வாங்குன விலைக்கே தாரேன்” என்று பதில் வந்தது. பணம் அனுப்பினேன். உடனே டிக்கெட்டும் வந்தது. வரிசை, இருக்கை எண், க்யூஆர் கோடு எல்லாம் சரியாக இருந்தன.

கச்சேரிக்கு நானும் என் கணவரும் போனோம். வாசலில் ஸ்கேன் செய்த ஊழியர், “இந்த டிக்கெட்ல ஏற்கெனவே ஆள் உள்ள போயாச்சு” என்றார். நாங்கள் இங்கே நிற்கிறோம், எங்கள் டிக்கெட்டில் யார் போயிருக்க முடியும்? ஒன்றும் விளங்காமல் ஓரமாக ஒதுங்கினோம். அங்கே தன் கணவரோடு நின்ற ஒரு பெண்ணின் போனிலும் எங்கள் இருக்கை எண்களே இருந்தன.

“நீங்கதான் வித்தீகளா?” என்று என் கணவர் அந்தப் பெண்ணிடம் கேட்டுவிட்டார்.

“நான் என்னத்த விக்க? நானே ஏமாந்துபோய் நிக்கேன்.”

அவருக்கு ஸ்ரீவில்லிபுத்தூர். அவரிடமும் அதே தங்கச்சி, அதே நிச்சயதார்த்தம். திரும்பும்போது நான்கு பேரும் ஒரே பஸ்ஸில் வந்தோம், போன் நம்பரும் வாங்கிக்கொண்டோம்.

பணம் அனுப்பிய செயலியில் புகார் கொடுத்தேன். ‘இந்தப் பரிவர்த்தனையை நீங்களே உறுதிசெய்துள்ளீர்கள்’ என்று பதில் வந்தது. உண்மைதான், ரகசிய எண்ணைப் போட்டது நான்தான். “நாமளா தூக்கிக் குடுத்தா அது திருட்டா, இல்லையா?” என்றார் கணவர்.

இணையத்தில் தேடி, அந்தச் செயலி நிறுவனத்தின் உதவி எண் என்று கண்ணில் பட்டதற்குப் பேசினேன். பணம் திரும்ப வர வேறொரு செயலியை இறக்கச் சொன்னார்கள். சந்தேகம் வந்து ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பெண்ணை அழைத்தேன். “இறக்கிறாதீக அக்கா. நானும் அந்த நம்பருக்குப் பேசுனேன், அதே போலியாம், பேங்க்ல சொன்னாக” என்றார்.

மறுநாள் இன்னொரு அழைப்பு. நான் புகார் கொடுத்த செயலியின் நிறுவனத்திலிருந்து பேசுவதாக ஒரு பெண் சொன்னார். இவரும் ஏமாற்றுக்காரர்தான் என்று நன்றாகத் திட்டிவிட்டேன். அவர் குரலை உயர்த்தவில்லை.

“என்னை நம்ப வேண்டாம் மேடம். போனை வச்சிட்டு, ஆப்ல உங்க புகாரை நீங்களே திறந்து பாருங்க. ரகசிய எண்ணை யார் கேட்டாலும் சொல்லாதீங்க, நான் கேட்டாலும்.”

திறந்து பார்த்தேன். விற்றவரோடு பேசிய உரையாடலின் படங்களையும் போலீசின் சைபர் குற்றப் பிரிவில் கொடுக்கும் புகாரின் ரசீதையும் கேட்டு அவர் எழுதியிருந்தது அங்கே இருந்தது. அந்த வாரமே ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போனேன். பஸ் நிலையத்தின் அருகே ஒரு கணினி மையத்தில் உட்கார்ந்து, நானும் அந்தப் பெண்ணும் அடுத்தடுத்துச் சைபர் குற்றப் புகாரைப் பதிவுசெய்தோம்.

சில மாதம் கழித்து என் பணம் கணக்குக்குத் திரும்பியது. குறுஞ்செய்தியை நம்பாமல் வங்கிக்கே போய்க் கேட்டு உறுதிசெய்துகொண்டேன். அந்தப் பெண்ணுக்கு வரவில்லை. ஏமாற்றிய ஆளின் கணக்கை முடக்கும் முன்பே அவருடைய பணம் எடுக்கப்பட்டுவிட்டதாம். என்னுடையது அதில் மிஞ்சிக் கிடந்திருக்கிறது. ஏமாற்றியது ஒரே ஆள், நாங்கள் கொடுத்ததும் ஒரே மாதிரிப் புகார்.

அவரிடம் சொல்லத் தயங்கித் தயங்கிப் போன் செய்தேன்.

“உங்களுக்காச்சும் வந்துச்சே அக்கா” என்றார்.

சந்தோஷத்தில் சொன்னாரா, மனசு நொந்து சொன்னாரா என்று எனக்குப் பிடிபடவில்லை. “சாப்டீகளா?” என்று கேட்டேன்.