சீல் வைத்த அறையில் என் மகளின் விண்ணப்பம்

2009, பங்குனி மாதம். செவ்வாய்க்கிழமை காலை மணி பத்து நாற்பது. ஆமத்தூர் பக்கம் நான் போர்மேனாக வேலை பார்த்த பட்டாசுக் கம்பெனியில், எல்லோரும் டீ குடிக்க வேப்பமரத்தடிக்கு வந்து பத்து நிமிடம் ஆகியிருந்தது. கிளாஸைக் கையில் வாங்கிக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தேன். அந்த நேரத்தில்தான் வெடிமருந்து கலக்கும் அறை வெடித்தது.

கைகழுவத் தொட்டிப் பக்கம் போயிருந்த மருந்து கலக்குபவர் மீது சூடான தகரத் துண்டு ஒன்று வந்து விழுந்தது. முழங்கைக்குக் கீழே வெந்துவிட்டது. வேறு யாருக்கும் ஒன்றும் இல்லை. பத்து நிமிடம் முன்புவரை பக்கத்து அறைகளில் ஒன்பது பெண்கள் உட்கார்ந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். இதை எழுதும்போதும் அந்த ஒன்பது பேரையும் மனதுக்குள் ஒருமுறை எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

ஆனால் என் தப்பு அதற்கு ஐந்து நாள் முன்பே, திருத்தங்கலில் எங்கள் வீட்டில் ஆரம்பித்துவிட்டது.

என் மகள் அப்போது பிளஸ் டூ பரீட்சை முடித்திருந்தாள். சட்டம் படிக்க வேண்டும் என்பது அவள் ஆசை. எங்கள் தெருவில் யாருக்குக் கோர்ட் நோட்டீஸ் வந்தாலும், படித்துச் சொல்லச் சொல்லி அவளிடம்தான் கொண்டு வருவார்கள். தேசிய அளவிலான நுழைவுத் தேர்வு மே மாதம். மதுரைக்குப் போய் விண்ணப்பம் வாங்கி, தானே நிரப்பி, கவரில் போட்டு, கூரியரில் அனுப்பச் சொல்லி வியாழக்கிழமை என்னிடம் கொடுத்தாள். அடுத்த வெள்ளிக்குள் போய்ச் சேர வேண்டும்.

எனக்கு அந்த வருடம் அவள் எழுதுவதில் விருப்பம் இல்லை. தமிழ் வழியில் படித்தவள். தேர்வு முழுக்க ஆங்கிலம். ஒரு வருடம் மதுரையில் பயிற்சிக்கு அனுப்பிவிட்டு எழுத வைக்கலாம் என்று சொன்னேன். நான் வேதியியல் படித்தவன். இருபது வருடம் பட்டாசோடு இருந்தவன். ஈரம் காயாத சரக்கை அவசரப்பட்டுத் தொடக் கூடாது, இன்னும் ஒரு வெயில் காயட்டும் என்பதுதான் என் வாயில் தினமும் வரும் பேச்சு. வீட்டிலும் அதையே பேசினேன்.

சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு அவள் கேட்டாள். "நான் என்ன அணுகுண்டாப்பா, திரி காயுற வரைக்கும் வெயில்ல போட்டு வைக்க?"

என் மனைவி சிரித்துவிட்டாள். "பிள்ளை கேக்காள்ல, பதில் சொல்லுங்க."

கவரை வாங்கிக்கொண்டேன். உண்மையில் எனக்குப் பயம் ஆங்கிலத்தைப் பற்றி மட்டும் இல்லை. தோற்றுவிட்டால் உடைந்து போவாளோ என்று ஒரு பயம். ஜெயித்துவிட்டால் ஏதோ ஒரு வெளிமாநிலத்துக்குப் போய்விடுவாளே என்ற பயம் அதைவிடப் பெரிது. அந்தக் கவரை நான் கூரியரில் கொடுக்கவில்லை. கம்பெனி அலுவலக அறையில் என் மேஜை இழுப்பறையில், சரக்குப் பதிவேட்டுக்கு அடியில் வைத்துப் பூட்டினேன். தேதி போகட்டும், போன பிறகு அவளே அடுத்த வருடம் என்று சமாதானம் ஆகிவிடுவாள் என்று நினைத்தேன்.

திங்கட்கிழமை சாயங்காலம் காற்றும் மழையும். ஆட்கள் கிளம்பும் நேரம். மருந்து கலக்குபவர் வந்து கேட்டார், "சார், கொஞ்சம் மருந்து மிச்சம் கெடக்கு. என்ன செய்ய?"

கலந்த மருந்தை அன்றைக்கே முடிக்க வேண்டும், முடியாவிட்டால் எரித்து அழித்துவிட வேண்டும். அலுமினியப் பவுடர் சேர்ந்த மருந்தில் ஈரம் ஏறினால் யாரும் தொடாமலே உள்ளுக்குள் சூடேறும். இதைப் புதிதாக வருபவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பதே நான்தான். ஆனால் மழையில் எப்படி அழிப்பது என்று நினைத்து, "மூடி வைங்க, காலைல பாத்துக்கிடலாம்" என்றேன்.

மறுநாள் காலையில் கிளம்பும்போது மகள் கேட்டாள், "கூரியர் ரசீது எங்கப்பா? வச்சிருக்கீகளா?"

"கம்பெனில இருக்கும்மா" என்று சொல்லிவிட்டுப் பைக்கை எடுத்தேன். வழி நெடுக அந்தப் பொய்தான் மனதில் ஓடியது. வழக்கமாகக் கம்பெனிக்குள் நுழைந்ததும் முதலில் மருந்து அறைக்குத்தான் போவேன். அன்று நேராக என் மேஜைக்குப் போய், இழுப்பறையைத் திறந்து கவர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மூடினேன். மருந்து அறை மறந்தே போனது.

வெடித்த பிறகு நடந்ததெல்லாம் துண்டு துண்டாகத்தான் ஞாபகம் இருக்கிறது. தீயணைப்பு வண்டி வந்தது. வெந்த கையோடு அவரை ஆஸ்பத்திரிக்கு ஏற்றி விட்டோம். போனை நாங்கள் கேட்டிலேயே வாட்ச்மேன் அறையில் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். மதியம் போய்ப் பார்த்தபோது இருபத்தாறு அழைப்புகள் வந்து நின்றிருந்தன. எங்கள் பக்கம் சத்தம் கேட்டால் எல்லோரும் மாடியேறி, புகை எந்தத் திசையில் எழுகிறது என்று பார்ப்பார்கள். என் மகளும் ஏறிப் பார்த்திருக்கிறாள். வீட்டுக்குக் கூப்பிட்டு, "நான் நல்லாருக்கேன்" என்று மட்டும் சொன்னேன்.

தாசில்தார் வந்தார். ஒவ்வோர் அறையாகப் பூட்டி, துணி சுற்றி அரக்கு வைத்தார்கள். அலுவலக அறைக்கு வரும்போதுதான் எனக்கு அந்தக் கவர் நினைவு வந்தது. கூட வந்த எழுத்தரிடம் போய், உள்ளே என் மகளுடைய விண்ணப்பம் இருக்கிறது, எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஏங்க, ஆள் பொழச்சதே பெருசு. இந்த நேரத்துல பேப்பரக் கேக்கீகளே."

அரக்கு உருகி விழுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த அறை ஒரு மாதத்துக்குத் திறக்காது என்று எனக்குத் தெரியும். மதுரையில் புது விண்ணப்பம் கொடுப்பதையும் அதற்குள் நிறுத்திவிட்டார்கள். தேதி தானாகப் போகட்டும் என்று நான் நினைத்தது போலவே போய்விட்டது.

மூன்று மணிக்கு விசாரணைக்காக என்னைப் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போனார்கள். விபத்து என்றால் போர்மேன் மேல்தான் முதலில் வழக்கு. வாக்குமூலம் எழுதி வாங்க இன்ஸ்பெக்டர் இன்னும் வரவில்லை, பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள். கம்பெனி ஆள் ஒருவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்து காதருகே சொன்னார், "மிச்சம் வச்சது மருந்து கலக்குறவருன்னு சொல்லிருங்க. நீங்க சொல்லித்தான் வச்சாருன்னு யாருக்குத் தெரியும்?"

அவர் எழுந்து போன பிறகும் நான் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரியில் கையில் கட்டோடு கிடப்பவர்மீது சொல்லிவிட்டால் என் போர்மேன் சான்றிதழ் பிழைக்கும், என் வேலை பிழைக்கும். சொல்லிவிடலாம் என்றே பாதி முடிவுக்கு வந்துவிட்டேன். வெட்கத்தை விட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

பிறகு நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். வழக்கு மூன்று வருடம் நடந்தது. போர்மேன் வேலைக்கு நான் திரும்பவில்லை. சாத்தூரில் ஒரு பள்ளிக்கூட ஆய்வகத்தில் சேர்ந்தேன். கை வெந்தவர் குணமாகி இப்போது டீக்கடை வைத்திருக்கிறார். மகள் அடுத்த வருடம் தேர்வு எழுதினாள், இடமும் கிடைத்தது. எல்லாம் நல்லபடியாக முடிந்ததே என்று ஆறுதல் சொல்பவர்கள் உண்டு. எனக்கு மனம் ஆறவில்லை. அந்த ஒரு வருடம் அவளுடையது. எடுத்தவன் நான்.

அன்று ஐந்து மணிக்கு மகள் பஸ் பிடித்துத் தனியாக ஸ்டேஷனுக்கு வந்தாள். கையில் மாற்றுச் சட்டை, தூக்குச் சட்டியில் சாப்பாடு. என் சட்டையில் இருந்த கரியைத் தொட்டுப் பார்த்தாள். சாப்பிடச் சொன்னாள். நான் முதலில் கவரைப் பற்றிச் சொன்னேன். திங்கட்கிழமை மருந்தைப் பற்றியும், கம்பெனி ஆள் சொன்னதைப் பற்றியும் சொன்னேன். அழுவாள் என்று நினைத்தேன். அவள் தூக்குச் சட்டியின் மூடியைத் திரும்ப மூடினாள். உள்ளே இன்ஸ்பெக்டர் என்னைக் கூப்பிடும் குரல் கேட்டது.

அப்போதுதான் பேசினாள். "அப்பா, வெடிக்கையில நீங்க வெளிய நின்னீகளே, எனக்கு இன்னைக்கு அது போதும். பரீட்சைய எப்ப எழுதணும்னு இனிமே நான் பாத்துக்கிடுதேன். ஆனா உள்ள போயி நடந்தத நடந்தபடி சொல்லிருங்க. என் கவரப் பூட்டி வச்ச மாதிரி இதையும் பூட்டி வச்சிராதீக."

எழுந்து உள்ளே போனேன், நடந்ததை நடந்தபடி சொன்னேன். இன்றைக்கும் எதையாவது பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்ல வாயெடுத்தால், யாருடைய நாளை நான் எடுத்து என் மேஜைக்குள் வைக்கிறேன் என்று ஒரு நொடி நின்று யோசிக்கிறேன்.