செடிகளுக்குச் சந்தனக்காப்பு

இலைகளில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு. மண் காய்ந்தால் ஈரம் போகாமல் அவற்றை மூட வைப்பவை சில மரபணுக்கள். அந்த மரபணுக்களில் ஒன்றைக் கெடுத்து, துளையை மூடத் தெரியாத செடிகளை வளர்ப்பதுதான் சான் ஹோசேயில் எனக்கு வேலை. தண்ணீரே காட்டாமல் தராசில் வைத்துவிடுவோம். மணிக்கொரு தடவை அது எடை பார்க்கும்; எடை குறைந்தால் இலை அவ்வளவு தண்ணீரை விட்டது என்று கணக்கு. செடிகள் சீக்கிரம் வாடினால்தான் ஆய்வு முடியும். முடிந்தால்தான் க்ரீன் கார்டுக்குப் பாஸ் அம்மாள் கடிதம் தருவார். செடி சாகவேண்டும் என்று சாமி கும்பிட்ட ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

ஆயுத பூஜை ஞாயிற்றுக்கிழமை வந்தது. தராசுக்குப் பொட்டு வைத்தே தீரவேண்டும் என்று மனைவி சுண்டலோடு லேபுக்கு வந்தாள். பொட்டோடு நிறுத்தியிருக்கலாம் மகராசி. நான் கம்ப்யூட்டருக்குக் குங்குமம் வைக்கப் போன நேரத்தில், துவண்டு கிடந்த நாலு செடிகளுக்கும், அம்மனுக்குச் சாத்துவதுபோல் இலை இலையாக, மேலும் அடியும் சந்தனக்காப்பு சாத்திவிட்டாள். எனக்குத் தெரியாது.

திங்கட்கிழமை பாஸ் என்னைக் கட்டிப்பிடிக்காத குறை. அந்த அம்மாள் வீட்டிலிருந்தே எடைக் கணக்கைப் பார்த்திருக்கிறார். நாலு செடியும் நேற்றிலிருந்து தண்ணீரை விடவே இல்லையாம், பெரிய கண்டுபிடிப்பாம். ஓடிப்போய்ப் பார்த்தேன். நாலும் சந்தனம் வெடித்து, குங்குமப் பொட்டோடு உட்கார்ந்திருந்தன. தலையில் அடித்துக்கொண்டு மனைவிக்கு ஃபோன் போட்டேன்.

"வாடிப்போச்சேன்னு குளுமைக்குப் பூசினேன். தண்ணிதானே ஊத்தக்கூடாதுன்னீங்க? ஒரு சொட்டு ஊத்தல."

வாயைத் திறக்காமல் இருந்தால் கடிதம் அன்றே வந்திருக்கும். மனசு கேட்கவில்லை. ஆயுத பூஜை என்றால் என்ன என்பதில் தொடங்கி எல்லாவற்றையும் பாஸிடம் ஒப்பித்தேன். அவர் முகத்தில் ஈயாடவில்லை. எடைக் கணக்கை மறுபடி பார்த்துவிட்டு, இரண்டு செடிகளை மட்டும் துடைக்கச் சொன்னார். மண்ணில் ஈரம் படாமல் துடைத்தேன். சாயங்காலத்துக்குள் அந்த இரண்டும் தலை தொங்கின. சந்தனம் பூசியவை நின்றன. துளையைச் சந்தனம் அடைத்தால் செடி தாங்குகிறது; அப்படியானால் துளை மூடாததுதான் கோளாறு, வேறொன்றும் இல்லை என்று தெரிந்துபோயிற்று. பாஸ் கைதட்டிச் சிரித்தார். மற்ற இரண்டையும் துடைத்து வாடவிடச் சொல்லிவிட்டுக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டார்.

வீட்டுக்குள் நுழையும்போதே கத்திச் சொன்னேன். மனைவி கையைத் துடைத்துக்கொண்டு கடிதத்தை வாங்கி முழுதும் படித்தாள். சாமி படத்துக்கு முன்னால் வைத்தாள்.

"நாலும் பொழைச்சுதா?" என்று கேட்டாள்.

பாஸிடம் அத்தனையும் உண்மை சொன்னவன் நான்.

"பொழைச்சுது," என்றேன்.