நண்டு வளையில் வைத்த மருந்து

மன்னவனூரில் உருளைக்கிழங்கு விதைப்பென்றால் முதல் கிழங்கைப் பொன்னுவேல்தான் ஊன்ற வேண்டும். அவ்வளவு கைராசி என்று பெயர். போன வருஷத்திலிருந்து யார் கூப்பிட்டாலும், "இடுப்பு வலிங்க, வேற ஆளப் பாருங்க" என்று கம்பளிக்குள் கையை இழுத்துக்கொள்கிறார். இடுப்பெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. வெட்கம்தான் மனிதரைப் பிடித்து ஆட்டுகிறது.

அந்தக் கைராசியை நம்பித்தான் ஒரு கான்ட்ராக்டர் அவரைக் கடற்கரைக்குக் கூட்டிப்போனார். ஆறு கடலில் சேரும் சேற்று வெளியில் அலையாத்திக் கன்று நடும் வேலை. ஐம்பத்து மூன்று வயதில் அப்போதுதான் முதன்முதலாகக் கடலைப் பார்த்தார். கடல் தண்ணீர் வற்றும்போது நட்டுவிட்டு, அது மறுபடி ஏறுவதற்குள் கரைக்கு வந்துவிட வேண்டும். அவர் தங்கிய கொட்டகைக்குப் பக்கத்துக் குடிசை ஜோதிமணிக்கு அந்தச் சேற்று நண்டுதான் பிழைப்பு. மலையிலிருந்து வந்தவர் தனியாகப் பொங்கித் தின்கிறாரே என்று தினமும் ஒரு கிண்ணம் குழம்பு கொண்டுவந்து வைப்பாள்.

நட்ட கன்றுகளில் சில கடிபட்டுச் சாய்ந்தன. சுற்றிலும் பார்த்தால் ஆயிரக்கணக்கில் நண்டு வளைகள். பொன்னுவேலுக்குப் புத்தி வேறு எங்கே போகும்? கிழங்கைப் புழு தின்றால் ஊரில் என்ன செய்வாரோ அதையே செய்தார். குருணை மருந்து வாங்கிவந்து, யாரையும் ஒரு வார்த்தை கேட்காமல், வளைக்கு ஒரு சிட்டிகை போட்டுச் சேற்றால் மூடினார்.

நான்காம் நாள் நண்டுகள் மல்லாந்து கிடந்தன. அவற்றைத் தின்ற உள்ளான் குருவிகளும் செத்துக் கிடந்தன. ஜோதிமணி வெறும் கூடையோடு கரையில் நின்றாள். இறால் பண்ணைத் தண்ணீர்தான் காரணம் என்று ஊரே பேசியது. பொன்னுவேல் தலையாட்டினார். ஆமாம், ஆட்டினார்! அதை நினைத்தால் இன்றும் அவருக்குச் சோறு இறங்குவதில்லை.

"அண்ணே, இங்கன கெடக்குற நண்டு எதையும் தின்னுராதீங்க, வெசம்" என்றாள் ஜோதிமணி. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுத்தது. வாய் மட்டும் திறக்கவில்லை. அன்றைக்கும் கிண்ணம் வந்தது, கத்தரிக்காய்க் குழம்போடு.

கன்றாவது பிழைத்ததா என்றால் அதுவும் இல்லை. மாதம் திரும்புவதற்குள் சேறு கறுத்து நாறியது, கன்றுகள் மஞ்சளித்துச் செத்தன. "வளை இருந்தாத்தானேண்ணே சேத்துக்குள்ள காத்துப் போகும்" என்றாள் அவள். உண்ட வீட்டுக்கு ரெண்டகம் செய்தவர் கூனிக் குறுகி பஸ் ஏறினார்.

நேற்றுக் காலை கேரட் வயலில் நிற்கும்போது ஜோதிமணியிடமிருந்து போன் வந்தது.

"அண்ணே, நண்டு மறுபடி வளை போட ஆரம்பிச்சிருச்சு. ஒங்ககிட்டத்தான் மொதல்ல சொல்றேன்."

பொன்னுவேல் வரப்பில் உட்கார்ந்துவிட்டார். "தாயி, அந்த மருந்த வச்ச பாவி நாந்தான்."



"தெரியும்ணே. காலிப் பொட்டலம் ஒங்க கொட்டகைக்குப் பின்னாடி கெடந்துச்சு. நண்டத் திங்காதீங்கன்னு சொன்னப்பவாச்சும் வாயத் தெறப்பீங்கன்னு பாத்தேன்."