அஞ்சு சாவித் தலைவர்

'தலைவர்' என்ற பெயரை அண்ணி முதலில் கேட்டது, அந்த வீட்டுக்கு வாழவந்த மூன்றாம் நாள். கல்யாணப் போட்டோக்கள் வந்திருந்தன. எதை எடுத்தாலும் மாப்பிள்ளையை மறைத்துக்கொண்டு பன்னிரண்டு வயதுக் கொழுந்தன் நெஞ்சை நிமிர்த்தி நின்றான். "எங்க வீட்டுத் தலைவரு இவன்தான்" என்று மாமியார் பூரித்துப்போனாள். பெற்றவள் விளையாட்டாகச் சொன்னதை அவன் கடைசிவரை நம்பினான்.

அண்ணியின் கணவர் பூட்டுப் பட்டறை வைத்திருந்தார். ஒவ்வொரு சாவிக்கும் தன் கையாலேயே பல் அராவுவார். ஒன்றைப்போல் இன்னொன்று இருக்காது. முடிந்த பூட்டில் சின்னதாக ஒரு குருவி முத்திரை குத்துவார். குருவிப் பூட்டு என்றால் ஊரில் மறுபேச்சுக் கிடையாது.

அவர் நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்ததும் பட்டறை தம்பி கைக்கு வந்து ஃபேக்டரி ஆனது. அரம் பிடித்தறியாத கை. மாலை வாங்கிக் காய்த்த கை. கூடவே நகராட்சித் தலைவர் பதவியும் வந்து ஒட்டிக்கொண்டது. பூட்டுகள் ஆயிரக்கணக்கில் வெளியே போயின. சாவியோ ஐந்தே ரகம்.

அண்ணிக்கு அது வீட்டில்தான் தெரிந்தது. அங்கேயும் பழையதை மாற்றி ஃபேக்டரிப் பூட்டுகளே மாட்டியிருந்தன. கொத்திலிருந்த எட்டுச் சாவியில் மூன்று ஜோடி; ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரே பல். நேரே ஃபேக்டரிக்குப் போனாள்.

"என்ன தம்பி இது, அலமாரிச் சாவி வாசக்கதவத் திறக்குது?"

"நல்லதுதானே அண்ணி! ஒண்ணு தொலைஞ்சா இன்னொண்ணு இருக்கு."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். சம்பளம் வாங்குகிறவர்கள், வேறென்ன செய்வார்கள்?

"நீ என்னமோ பண்ணிக்கோ. உங்க அண்ணன் குருவிய மட்டும் எடுத்துடு. அவரு பேரக் கெடுக்காத."

"குருவி இல்லாட்டி எவன் வாங்குவான்? வீட்டுக்குப் போங்க, வெயில் ஏறுது."

கணவர் அவளுக்கு விட்டுப்போனது அந்தப் பேர் ஒன்றுதான்.

புதுச் சந்தைக் கட்டடத் திறப்பு வந்தது. அறுபது கடைக்கும் குருவிப் பூட்டு. தலைவர் முதல் கடையைத் தானே பூட்டிவிட்டு மைக்கைப் பிடித்தார். "இது தன்னோட சாவிக்கு மட்டும்தான் வாயத் திறக்கும். சந்தேகம்னா யாரு வேணும்னாலும் வந்து பாருங்க!"

பேச்சுக்குச் சொன்னது. மேடையில் அவர் சொல்வதெல்லாம் அப்படித்தான்.

முன்வரிசையிலிருந்து அண்ணி எழுந்தாள். இடுப்பிலிருந்து கொத்தை உருவினாள். முதல் சாவி திரும்பவில்லை. இரண்டாவதும் இல்லை. தலைவர் பல்லைக் காட்டினார். மூன்றாவது, துணிப்பெட்டிச் சாவி. பூட்டு வாயைப் பிளந்தது.

"ஃபோர்மேன் பண்ண கூத்து இது!" என்றார் தலைவர். ஃபோர்மேன் வேறு யாருமில்லை, அவர் மனைவிக்குச் சித்தப்பா மகன். மச்சானை ஊர் முன்னால் தூக்கிப்போட அவருக்கு ஒரு மூச்சுக்கூட ஆகவில்லை.

மச்சான் கூட்டத்திலிருந்தே கத்தினான். "அஞ்சு ரகம் போதும்னு கையெழுத்துப் போட்டது யாரு மாமா?"

சந்தையே சிரித்தது. அன்று ஒட்டியதுதான் 'அஞ்சு சாவி' என்ற பெயர்; அது பதவியைப் போல உதிர்ந்துவிடவில்லை.

மறுநாள் அண்ணி ஃபேக்டரிக்குப் போய்க் குருவி அச்சை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள். மச்சான்தான் கதவைத் திறந்துவிட்டான். தலைவர் கண்ணாடி அறைக்குள் செய்தித்தாளை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார். அடுத்த தேர்தலில் சொந்தத் தெருவே அவருக்கு ஓட்டுப் போடவில்லை.

அச்சு அண்ணியின் துணிப்பெட்டியில் இருக்கிறது. பெட்டிக்குப் பூட்டு வெளியூரில் வாங்கியது. தலைவர் இப்போது காலை நடைப்பயிற்சிச் சங்கத்தின் தலைவர். சங்கத்தில் நாலு பேர் இருக்கிறார்கள்.